உடான் கட்டணம்: தூரத்துக்கா, நேரத்துக்கா?

சேலத்திலிருந்து சென்னைக்குச் சாலையில் ஏறத்தாழ 340 கிலோமீட்டர். வானத்தில் நேர்க்கோடு போட்டால் சுமார் 265 கிலோமீட்டர்தான். மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் ஏடிஆர் என்ற சிறிய விமானத்துக்கு இது அரை மணி நேரக் கணக்கு. ஆனால் அட்டவணையில் ஒரு மணி நேரம் போல்தான் போட்டிருக்கும். விமானம் நின்ற இடத்திலிருந்து நகர்வது, ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, சென்னை வானில் இறங்க முறை வரும்வரை காத்திருப்பது என எல்லாம் அதற்குள் அடக்கம். குறைந்த தூரம் போகும் விமானங்களில் இந்தக் கூடுதல் நேரம் பெரிதாகத் தெரியும்.

சிறு ஊர்களை விமானத்தால் இணைக்க மத்திய அரசு 2016 அக்டோபரில் அறிவித்த உடான் திட்டத்தில், இந்த நேரம் விமானக் கட்டணத்தைத் தொடாது. சாதாரண விமானம் என்றால் இரு விமான நிலையங்களுக்கு இடையே உள்ள தூரத்தை வைத்துத்தான் கட்டணத்துக்கு உச்சவரம்பு. தொடக்கத்தில் சுமார் 500 கிலோமீட்டருக்கு 2,500 ரூபாய் என்று வைத்தார்கள். விலைவாசியை ஒட்டி அது பிறகு மாறும். ஹெலிகாப்டருக்கு மட்டும் கணக்கு வேறு: அங்கே பறக்கும் நேரம்தான் அளவுகோல், அரை மணி நேரத்துக்கு அதே 2,500. "ஒரு மணி நேரப் பயணம் 2,500 ரூபாய்" என்று விளம்பரத்தில் படித்தவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில் ஆச்சரியமில்லை.

சரி, டிக்கெட் எடுக்கப் போனால் ஏன் அதைவிட அதிக விலை காட்டுகிறது? விமானத்தில் ஏறத்தாழ பாதி இருக்கைகளுக்குத்தான் இந்த வரம்பு. அதிலும் 40-க்கு மேல் போகாது. மீதி இருக்கைகளுக்கு நிறுவனம் வைத்ததே விலை. வருமானச் சான்று, தனி விண்ணப்பம் எதுவும் கிடையாது. முந்திக்கொண்டவருக்கு மலிவான இருக்கை கிடைக்கும், அவ்வளவுதான். தேதி உறுதியானதுமே பதிவு செய்துவிடுங்கள்.

குறைந்த விலையில் விற்பதால் வரும் பற்றாக்குறையை நிறுவனத்துக்கு அரசு ஈடுகட்டுகிறது. பெரும்பாலான மாநிலங்களில் இதில் மத்திய அரசின் பங்கு 80 விழுக்காடு, மாநிலத்தின் பங்கு 20. மத்திய அரசின் பங்கு, பெரிய நகரங்களுக்கு இடையே பறக்கும் உள்நாட்டு விமானங்களிடம் வசூலிக்கும் தொகையிலிருந்து வருகிறது. தரையிறங்கும் கட்டணமும் நிறுத்தக் கட்டணமும் தள்ளுபடி.

இந்த ஈட்டுத்தொகை மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே. அதற்குப் பிறகு கட்டண வரம்பும் இல்லை, சேவை தொடரும் என்ற உறுதியும் இல்லை. எனக்கு இத்திட்டத்தின் பலவீனமாகத் தெரிவது இதுதான். 2023-இல் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை கொடுத்த கணக்கைப் பாருங்கள்: நிறுவனங்களுக்கு வழித்தடங்களைப் பிரித்துக் கொடுத்த முதல் மூன்று சுற்றுகளில் ஒதுக்கிய 774 வழித்தடங்களில் 371 மட்டுமே தொடங்கின. மூன்று ஆண்டுகளை முடித்தவை 112. அதன்பிறகும் ஓடிக்கொண்டிருந்தவை 54. சேலமும் இதை அனுபவித்த ஊர்தான். 2018 மார்ச்சில் சென்னை விமானம் வந்தது, இடையில் நின்றது, 2023 அக்டோபரில் மறுபடி தொடங்கியது.

அதனால் பயணத் தேதியில் அந்த விமானம் இன்னும் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம் வீட்டிலிருந்து ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் இருக்கும் விமான நிலையத்துக்குப் போகும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதை எந்த அட்டவணையும் போடாது.