முடிவு தெரியாத இழப்பும் தொலைக்காட்சி காட்டும் முடிவும்

‘எக்ஸ்-ஃபைல்ஸ்’ என்ற அமெரிக்க அறிபுனைத் தொடரின் ஏழாம் பருவத்தில், 2000ஆம் ஆண்டு பெப்ரவரி 13ஆம் திகதி ஒளிபரப்பான ‘குளோஷர்’ என்ற அத்தியாயத்தைக் காணாமற்போனோர் குடும்பங்களோடு பணிபுரியும் எவரும் ஒருமுறை பார்ப்பது பயனுள்ளது. தொடரின் நாயகனான ஃபாக்ஸ் மோல்டர் பன்னிரண்டு வயதுச் சிறுவனாக இருந்தபோது, 1973ஆம் ஆண்டு நவம்பரில், எட்டு வயதான அவனுடைய தங்கை சமந்தா அவன் கண்முன்னாலேயே காணாமற்போகிறாள். வேற்றுக்கிரகவாசிகளே அவளைக் கொண்டுசென்றார்கள் என்று நம்பி, புலனாய்வு அதிகாரியாகிய பின்னரும் அவளைத் தேடிக்கொண்டிருக்கும் அவர், இந்த அத்தியாயத்தில் அவள் 1979இலேயே இறந்துவிட்டாள் என்ற முடிவுக்கு வருகிறார். உடல் கிடைப்பதில்லை. நட்சத்திர ஒளியாக மாறிய குழந்தைகளின் நடுவே அவளைக் கண்டு அணைத்துக்கொண்டு, தான் விடுதலை பெற்றுவிட்டதாகச் சொல்கிறார்.

திருகோணமலையில் உளவளத்துணையாளராகப் பணியாற்றும் எனக்கு இந்த முடிவு மிகுந்த கவலையைத் தருகிறது. போரில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள், 2004 ஆழிப்பேரலையில் உடல் கிடைக்காதவர்களின் உறவுகள், கடற்றொழிலுக்குச் சென்று திரும்பாதவர்களின் உறவுகள் என்று இம்மாவட்டத்தில் முடிவு தெரியாமல் வாழ்வோர் பலர். அவர்களிடம் அயலவர்களும் சொந்தக்காரர்களும், சில வேளைகளில் அதிகாரிகளும் எதிர்பார்ப்பது மோல்டருக்குக் கிடைத்ததைப் போன்ற ஒரு முற்றுப்புள்ளியையே. “இன்னும் எத்தனை காலத்துக்கு இப்படியே இருக்கப் போகிறீர்கள்?” என்று கேட்பவர்கள் பெரும்பாலும் அன்பினால்தான் கேட்கிறார்கள், ஆனாலும் அந்தக் கேள்வி, காத்திருப்பதையே ஒரு குறைபாடாகக் காட்டிவிடுகிறது.

அமெரிக்க உளவியலாளர் போலின் பொஸ், வியட்நாம் போரில் காணாமற்போன படையினரின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்தபோது, இத்தகைய நிலையைத் ‘தெளிவற்ற இழப்பு’ என்று வரையறுத்தார். ஒருவர் உடலால் இல்லை, ஆனால் மனங்களில் முழுமையாக இருக்கிறார் என்ற நிலையில் துக்கம் தொடங்கவும் முடியாது, முடியவும் முடியாது. அக்குடும்பத்தினர் படும் தடுமாற்றத்துக்குக் காரணம் அவர்கள் வாழ நேர்ந்த சூழ்நிலையே, அவர்களுடைய மனத்தில் உள்ள பலவீனம் அன்று என்பது அவருடைய முக்கியமான கருத்து.

இந்தத் தடுமாற்றம் நம்மிடையே மிகச் சாதாரணமான நாட்களிலேயே வெளிப்படுகிறது. தகப்பனை இழந்த மகன் ஆடி அமாவாசைக்கு விரதம் பிடிப்பது வழக்கம். தகப்பன் காணாமற்போன மகன் அதைப் பிடித்தால் அவரை இறந்தவராக அறிவித்ததாகிவிடும், பிடிக்காவிட்டால் ஒருவேளை அவர் இறந்திருந்தால் கடமை தவறியதாகிவிடும் என்று அஞ்சுகிறான். மனைவி பொட்டு வைத்தாலும் ஊர் பேசுகிறது, வைக்காவிட்டாலும் பேசுகிறது. மூதூர், கிண்ணியா பக்கத்து முஸ்லிம் குடும்பங்களில் இத்தா (கணவன் இறந்தபின் மனைவி கடைப்பிடிக்கும் காத்திருப்புக் காலம்) இருப்பதா, இருப்பதென்றால் எந்த நாளிலிருந்து கணக்கிடுவது என்ற கேள்வி வருகிறது. பாடசாலைப் படிவத்தில் தந்தை உயிருடன் உள்ளாரா இல்லையா என்ற இடத்தில் எதை எழுதுவது என்று தெரியாமல் பிள்ளை விழிக்கிறது. அந்த இடத்தை வெறுமையாக விட அனுமதிக்கும் ஆசிரியர் அப்பிள்ளைக்குச் செய்யும் உதவி பெரிது.

அந்த அத்தியாயம் ஒரு விடயத்தை மிகச் சரியாகப் பிடித்திருக்கிறது. அது உடன்பிறந்தவரின் குற்றவுணர்வு. தங்கை கொண்டுசெல்லப்பட்டபோது அதே அறையில் இருந்தும் எதுவும் செய்ய முடியாமற்போன பன்னிரண்டு வயதுச் சிறுவனே மோல்டரின் வாழ்நாள் முழுவதையும் நடத்துகிறான். எமது மாவட்டத்தில் தாய்மார் பதாகை ஏந்தி வீதியில் நிற்கிறார்கள், மனைவிமார் அலுவலகங்களின் படியேறுகிறார்கள். அண்ணனோ தங்கையோ பெரும்பாலும் வாய்திறப்பதில்லை. “அன்றைக்கு நான்தான் கடைக்குப் போகச் சொன்னேன்” என்ற ஒரே வசனத்தைப் பல ஆண்டுகள் மனத்தில் சுமந்த பின்னர் முதல்முறையாகச் சொல்பவர்களைச் சந்தித்திருக்கிறேன். வீட்டின் கவனம் முழுவதும் இல்லாதவர் மீது இருக்கும்போது, இருக்கும் பிள்ளையிடம் தனியாக உட்கார்ந்து பேசுவதற்கு ஒருவராவது வேண்டும்.

அதே அத்தியாயத்தில், புதைக்கப்பட்ட பல குழந்தைகளின் எச்சங்கள் தோண்டியெடுக்கப்படுகின்றன. ஆனால் தேடப்படும் சிறுமி அங்கே இல்லை. மன்னாரில் சதொச என்ற அரச விற்பனை நிலைய வளாகத்தில் 2018இல் தொடங்கிய அகழ்வில் முந்நூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டபோது வடகிழக்கு முழுவதும் குடும்பங்கள் மூச்சைப் பிடித்துக் காத்திருந்தன. அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அனுப்பப்பட்ட மாதிரிகள் 1404க்கும் 1635க்கும் இடைப்பட்ட காலத்தவை என்று 2019 மார்ச்சில் முடிவு வந்தது. அதைப் பலரால் ஏற்க முடியவில்லை. ஒவ்வொரு அகழ்வுச் செய்தியும் நம்பிக்கையையும் பயத்தையும் ஒன்றாகக் கிளறும் என்பதால், அத்தகைய நாட்களில் அக்குடும்பங்களைத் தனியே விடாமல் இருப்பது அவசியம்.

மோல்டருக்கு வழிகாட்டும் ஹரோல்ட் பில்லர் என்ற பாத்திரமும் கவனத்துக்குரியது. ஆவியுலகத்தோடு தொடர்புள்ளவராகச் சொல்லிக்கொள்ளும் அவருடைய மகனும் காணாமற்போனவனே. மகன் இறந்துவிட்டான் என்று மோல்டர் இறுதியில் சொல்லும்போது அவர் அதை மறுத்துவிட்டு விலகுகிறார். என் அனுபவத்தில், அந்த அத்தியாயத்தின் உண்மையான தகப்பன் அவர்தான். ஆயினும் அமானுஷ்யத்தின் வழியாக உண்மை கிடைக்கும் என்று கதை காட்டுவது ஆபத்தானது. சாத்திரம் கேட்பதால் ஒரு தாய்க்குச் சிறிது ஆறுதல் கிடைத்தால் அதை நான் தடுப்பதில்லை. ஆனால் “உங்கள் பிள்ளை இன்ன முகாமில் உயிரோடு இருக்கிறான், பணம் கொடுத்தால் காட்டுகிறேன்” என்று வருபவர்களிடம் நகையையும் காணியையும் இழந்த குடும்பங்கள் உண்டு. அப்படி யாராவது அணுகினால் எதையும் கொடுக்காமல் உடனடியாகப் பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள்.

சான்றிதழ் பற்றிய அச்சமும் பரவலாக உள்ளது. இறப்புச் சான்றிதழைப் பெற மனம் ஒப்பாதவர்களுக்காக, 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம், ஒருவர் காணப்படவில்லை என்பதை மட்டும் உறுதிசெய்யும் காணக்கிடைக்காமைச் சான்றிதழ் அறிமுகப்படுத்தப்பட்டது. அது அவர் இறந்துவிட்டதாகக் கூறுவதில்லை. நலன்புரிக் கொடுப்பனவு, சொத்து, பிள்ளைகளின் பாதுகாவல் போன்ற விடயங்களில் அதனைப் பயன்படுத்தலாம். அதைப் பெறுவதா இல்லையா என்பதைக் குடும்பமே, அவசரமின்றி, வேண்டுமானால் ஒரு சட்டத்தரணியோடு பேசிய பின்னர் முடிவெடுக்கட்டும். உறக்கமின்மையோ உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமோ தலைதூக்கினால் 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்தை அழைக்கலாம். அழைப்பதற்கு அந்தக் குடும்பத்தவராக இருக்க வேண்டியதில்லை, பக்கத்து வீட்டவரும் அழைத்து ஆலோசனை கேட்கலாம்.