வின்ரேஜ் உடுப்பு: சொல் விளக்கம்

யாழ்ப்பாணத்தில் உடுப்பு விற்போரும் வாங்குவோரும் இப்பொழுது ‘வின்ரேஜ்’ என்ற சொல்லைத் தாராளமாகப் புழங்குகின்றனர். தாயாரின் கூறைச் சீலையும் வின்ரேஜ், மூட்டையாக இறக்கப்பட்ட பாவித்த சேட்டும் வின்ரேஜ், சென்ற மாதம் பழைய மாதிரியில் தைத்த சட்டையும் வின்ரேஜ். மூன்றும் மூன்று வேறு பொருள்கள் என்பதால், விலை பேசும்போதும் அளவு பார்க்கும்போதும் இந்தப் பொதுப்பெயர் வாங்குபவரையே ஏமாற்றுகிறது. (தமிழ்நாட்டார் இதனை ‘விண்டேஜ்’ என்று எழுதுவர், ‘ரொறன்ரோ’ என்று எழுதிப் பழகிய நமக்கு ‘வின்ரேஜ்’ என்பதே இயல்பு.)

இச்சொல்லின் பிறப்பிடம் திராட்சைத் தோட்டம். திராட்சை மதுவைக் குறிக்கும் ‘வீனும்’ என்பதும், எடுத்தல் அல்லது பறித்தல் என்னும் பொருளுடைய ‘தேமெரே’ என்பதும் சேர்ந்து, இலத்தீனில் ‘விந்தேமியா’ என்ற சொல் அமைந்தது. திராட்சை அறுவடை என்பதே அதன் பொருள். அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தபோது, மது வணிகரைக் குறித்த வேறொரு சொல்லின் சாயல் படிந்து, இன்றைய வடிவம் பெற்றது. 18ஆம் நூற்றாண்டில் அறுவடை என்ற பொருள் நகர்ந்து, ஒரு மது எந்த ஆண்டின் அறுவடையிலிருந்து வடிக்கப்பட்டது என்பதைக் குறிக்கலாயிற்று. நல்ல ஆண்டின் மதுவுக்கு மதிப்புக் கூடியதால், ‘தன் காலத்தின் தரம் வாய்ந்தது’ என்ற பொருளும் அதனுடன் ஒட்டிக்கொண்டது. பின்னர் மோட்டார் வண்டிகளுக்குச் சென்றது. பிரித்தானியாவில் 1919 முதல் 1930 வரை செய்யப்பட்ட கார்களையே இச்சொல்லால் குறிப்பர். உடுப்புக்கு வந்தது அதற்கும் பிற்பாடுதான்.

ஆகவே, இச்சொல்லின் உயிர் பழமையில் இல்லை. ஆக்கப்பட்ட காலத்தில் இருக்கிறது. உடுப்பு வணிகத்தில் குறைந்தது 20 ஆண்டு கடந்ததை வின்ரேஜ் என்றும், 100 ஆண்டு கடந்ததை ‘அன்ரீக்’ என்றும் சொல்வது வழக்கம். முதலாவது எல்லை வணிகர் வழக்கே அன்றிச் சட்டம் அன்று. பழைய மாதிரியைப் பார்த்துப் புதிதாகத் தைத்தது ‘ரெற்றோ’. அதற்குப் ‘பழம்பாணி’ என்ற தமிழ் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஒருவர் உடுத்திக் கழித்தது, அது சென்ற ஆண்டினதாயினும், ‘பாவித்த உடுப்பு’.

வின்ரேஜுக்குத் தமிழ் தேடும்போது முதலில் கைக்கு வருவது ‘பழைய உடுப்பு’ என்பதுதான். ஆனால், அது நம் வழக்கில் தேய்ந்ததையும் கிழிந்ததையும் நினைவூட்டும். பழஞ்சீலை என்றால் கைபிடி துணி என்றே வீட்டில் விளங்கிக்கொள்வர். ‘மரபுடை’ என்பதும் ஒவ்வாது. நேற்று நெய்த வேட்டியும் மரபுடைதான். யாழ்ப்பாணத்தவருக்கு ‘முதுசம்’ என்ற சொல் உடனே தோன்றலாம். ‘முது’ என்னும் அடி மூதூர், முதுமொழி என்பவற்றில் போல வயதோடு மதிப்பையும் தருவதால், எனக்கும் அதில் ஆசை உண்டு. எனினும், 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த யாழ்ப்பாண வழமைச் சட்டமான தேசவழமையில் முதுசம் என்பது முன்னோர் வழி இறங்கும் சொத்து. மணவாழ்வுக் காலத்தில் ஈட்டியது தேடியதேட்டம். பாட்டியார் விட்டுச்சென்ற சீலையை முதுசம் எனலாம். கடையில் காசு கொடுத்து வாங்கியதை அப்படிச் சொல்வது சொல்லையும் சட்டத்தையும் ஒருங்கே குழப்புவதாகும்.

தீர்வு பேச்சு வழக்கிலேயே கிடக்கிறது. நல்ல பொருளொன்றைத் தட்டிப் பார்த்து, “இது அந்தக்காலச் சாமான், இப்ப இப்பிடி வராது” என்று நம்மவர் சொல்லும்போது, காலமும் தரமும் சேர்ந்தே வந்துவிடுகின்றன. எழுத்து நடைக்கு ‘அக்கால உடுப்பு’ என்று கொள்ளலாம். எக்காலம் என்று தெரிந்தால் ‘1960களின் சேட்’, ‘1970களின் சீலை’ என்று எழுதுவது அதனினும் நன்று.

காலத்தை அறிய உடுப்பிலேயே சான்றுகள் உண்டு. கழுத்துப் பட்டியின் உள்ளே ‘மேட் இன் சிலோன்’ என்று இருந்தால், நாட்டின் பெயர் சிறிலங்கா என மாறிய 1972 மே மாதத்துக்கு முற்பட்டதாக இருக்க இடமுண்டு. ஆயினும், பழைய பெயரைப் பின்னரும் தாங்கிய பொருள்கள் இருப்பதால் அதை மட்டும் நம்பக்கூடாது. ‘மேற்கு ஜேர்மனி’ என்றிருந்தால் பெரும்பாலும் 1990க்குப் பிந்தியதாகாது. உலோகப் பல் வைத்த சிப், நைலோன் சுருள் சிப்பைவிடப் பெரும்பாலும் மூத்தது. தெறிகளையும் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் நிறம் வேறுபட்டிருந்தால் அது பின்னர் மாற்றப்பட்டது.

காலம் என்ற பொருளை மறந்தவர் அளவில்தான் தடுக்கி விழுவார். பட்டியில் உள்ள இலக்கமும் அக்காலத்ததே. மேலைநாட்டுப் பெண்கள் உடுப்பின் இலக்கங்கள் காலப்போக்கில் தளர்ந்து வந்தமையால், 1960களில் 12 என்று குறித்த சட்டை இன்றைய 12ஐவிடச் சிறியது. இலக்கத்தை விட்டுவிட்டு அளவு நாடாவை எடுப்பதே முறை. சேட்டை மேசையில் பரப்பி, தெறிகளைப் பூட்டி, ஒரு கைக்குழியிலிருந்து மறு கைக்குழி வரை அளந்து, அதை இரண்டால் பெருக்கினால் மார்புச் சுற்று கிடைக்கும். அது உடம்பின் சுற்றைவிட 3 அல்லது 4 அங்குலம் கூடியிருந்தால்தான் கையைத் தூக்கும்போது பிடிக்காது. அடுத்து, தோள்மூட்டுத் தையல் தோளின் முனையில் உட்கார வேண்டும். இடுப்பையும் நீளத்தையும் தையற்காரர் ஒரு பின்னேரத்தில் திருத்தித் தருவார், ஆனால் தோளைத் திருத்துவதென்றால் கையையும் கழுத்தையும் அவிழ்த்து மீண்டும் தைக்க வேண்டியிருக்கும் என்பதால், தோள் பொருந்தாததை எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுவதே நல்லது. களிசானில் இதே இடத்தை இருக்கைப் பகுதி பெறுகிறது.

பெரிதைச் சிறிதாக்கலாம், சிறிதைப் பெரிதாக்க உள்ளே துணி இருக்க வேண்டும். உடுப்பைப் புறம் திருப்பி, தையலுக்கு அப்பால் எவ்வளவு துணி விட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். தையலைப் பிரித்தால் அதுவரை வெயில் படாத துணி கடும் நிறத்தில் ஒரு கோடாகத் தெரியும் என்பதையும், பட்டில் ஊசித் துளைகள் மறையா என்பதையும் முன்கூட்டியே எண்ணிக்கொள்வது நன்று. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அக்குளிலும் முழங்கையிலும் துணி மெலிந்திருப்பது புலப்படும்.

சீலைக்கு இந்த இடர் இல்லை. துணி, அறுவை என்பன துணித்தல், அறுத்தல் என்னும் வினைகளிலிருந்து வந்தவை; தறியிலிருந்து அறுத்த துண்டு எவருடைய இடுப்புக்கும் பொருந்தும். தாயாரின் கூறை மகளுக்கு அப்படியே பொருந்த, அதனோடு தைத்த சட்டை மட்டும் பொருந்தாமல் போவதற்குக் காரணம் இதுவே. அந்தச் சட்டையை வலிந்து பிரிப்பதைவிட, ஒற்றை நிறத்தில் தோளளவு சரியான புதிய சட்டை ஒன்று தைப்பித்து உடுத்தினால், கூறையின் கரையும் முந்தானையும் தனித்துத் தெரியும். சரிகை கறுத்திருந்தால் தேய்த்து வெளுக்க முயலாமல், மடிப்பை மட்டும் அவ்வப்போது மாற்றி வைக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடந்த பட்டு அந்தக் கோட்டிலேயே வெடிக்கும்.

சேட்டுக்கும் இதே கணக்கைச் சொல்லலாம். அகலக் கழுத்துப் பட்டியுள்ள 1970களின் சேட்டை, அக்காலத்துக் களிசானோடும் சப்பாத்தோடும் சேர்த்து அணிந்தால் நாடக வேடம் போலாகிவிடும். இக்காலக் களிசானோடு அணிந்தால் சேட்டின் வெட்டு எடுபடும். விற்போர் ‘வின்ரேஜ்’ என்று மட்டும் எழுதாமல், ‘1970களின் அக்காலச் சேட், மார்பு 42 அங்குலம், தோள் 17 அங்குலம், ஒரு தெறி மாற்றியது’ என்று எழுதினால், வாங்குபவர் வேறொன்றும் கேட்க வேண்டியிராது.