சத்தம் வராத வீடியோவை அழித்துவிடாதீர்கள்

"தம்பி, டிவியில படம் ஓடுது, சத்தம் வரேல்ல. டிவி பழுதாப் போச்சோ?"

வெள்ளவத்தையில் டிவி, ஹோம் தியேட்டர் பொருத்திக் கொடுப்பதும் பழைய கசெட்டுகளைப் பென் டிரைவுக்கு மாற்றுவதும் என் தொழில். இந்தக் கேள்வி வராத வாரமே இல்லை. போன மாதம் கேட்டவர் பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் ஓர் அன்ரி. அவருடைய அம்மாவின் எண்பதாவது பிறந்தநாளைக் கனடாவில் கொண்டாடியிருக்கிறார்கள். பெறாமகன் அனுப்பிய வீடியோவில் பாட்டி வாயசைப்பது தெரிகிறது, என்ன சொல்கிறார் என்று கேட்கவில்லை. "இது சரிவராது, வேற ஒண்டு அனுப்பச் சொல்லிப்போட்டு இதை அழிக்கவோ?" என்றார். நல்லவேளை, கேட்டுவிட்டுச் செய்ய நினைத்தார்.

நம்மில் பலர் ஃபைல் பெயரின் கடைசியில் இருக்கும் எம்பி4, எம்கேவி, ஏவிஐ என்பதைத்தான் வீடியோவின் வகை என்று நினைக்கிறோம். அது சோற்றுப் பார்சலின் வெளித்தாள் மாதிரி. உள்ளே என்ன கறி என்று தாளைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரே எம்பி4 என்ற தாளுக்குள் படம் எச்.264 முறையில் சுருக்கப்பட்டிருக்கலாம், அல்லது 2013இல் வந்த எச்இவிசி முறையில் இருக்கலாம். சத்தம் தனியாக ஏஏசி, ஏசி3, டிடிஎஸ், பிசிஎம் என்று ஏதோ ஒன்றாக இருக்கும். டிவிக்குப் படத்தின் முறை தெரிந்து சத்தத்தின் முறை தெரியாவிட்டால் ஊமைப்படம் ஓடும். சத்தம் கேட்டு, திரை கறுப்பாக இருந்தால் சிக்கல் படத்தின் பக்கம். இரண்டிலும் டிவி பழுதில்லை, ஃபைலும் கெடவில்லை.

அன்ரியின் பென் டிரைவைக் கணினியில் போட்டு, விஎல்சி பிளேயரில் 'டூல்ஸ்' மெனுவுக்குள் 'கோடெக் இன்ஃபர்மேஷன்' என்பதைத் திறந்தேன். கோடெக் என்பது இந்தச் சுருக்கும் முறைகளுக்கான பெயர். படம் எச்.264, அதை அவருடைய டிவி வடிவாக ஓட்டும். சத்தம் பிசிஎம். பெரிய கேமராக்களில் எடுத்த எம்ஓவி (இதுவும் ஒரு வெளித்தாள்தான்) ஃபைல்களில் இது சாதாரணம், ஆனால் எல்லா டிவிகளும் ஏற்பதில்லை. படத்தைத் தொடாமல் அப்படியே வைத்து, சத்தத்தை மட்டும் ஏஏசிக்கு மாற்றி, எம்பி4 தாளில் சுற்றிக் கொடுத்தேன். சில நிமிட வேலை. படத்தின் தரம் ஒரு புள்ளிகூடக் குறையவில்லை. இதற்கு எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருள் போதும். பலரும் வைத்திருக்கும் ஹேண்ட்பிரேக் நல்ல மென்பொருள்தான், ஆனால் அது படத்தையும் மறுபடி சுருக்கியே தரும், இந்த வேலைக்குப் பொருந்தாது.

எல்லோருக்கும் இப்படி அமைவதில்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த ஓர் ஐயாவை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. மகளின் கலியாண வீடியோ டிவிடியில் இருந்தது. புது டிவியில் பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று ஒரு கடையில் கொடுத்து மாற்றியிருக்கிறார். பழைய டிவிடி கீறல் விழுந்தது, இனித் தேவையில்லை என்று வீட்டில் எறிந்துவிட்டார்கள். அவர் கொண்டுவந்த ஃபைலில், மாப்பிள்ளை தாலி கட்டக் கையை உயர்த்தும் இடத்தில் விரல்களின் ஓரமெல்லாம் சீப்புப் பல் போலக் கோடு கோடாகக் கிழிந்து நின்றது. மணப்பெண் தலை திருப்பினால் முகமும் அப்படியே.

காரணம் இதுதான். இலங்கையில் அந்தக் காலத்து கேமராக்களும் டிவிடிகளும் 'பால்' (PAL) என்ற டிவி முறையில் இருந்தன. ஒரு நொடிக்கு 25 முழுப் படம், ஒவ்வொன்றும் ஒற்றை வரி ஒரு பாதி, இரட்டை வரி ஒரு பாதி என்று இரண்டு அரைப் படங்களாகப் பதிவாகும். இரண்டு பாதிக்கும் இடையில் கை நகர்ந்திருக்கும். மாற்றும்போது முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும், ஆங்கிலத்தில் டீஇன்டர்லேஸ் என்போம். அதைச் செய்யாமல் அளவைக் குறுக்கிச் சுருக்கினால் அந்தக் கோடுகள் படத்தோடு ஒட்டிப்போகும். டிவிடி கையில் இருந்திருந்தால் ஒரு மாலையில் திரும்பச் செய்து கொடுத்திருப்பேன். அந்த ஃபைலை வைத்து என்னால் ஓரளவு மங்கலாக்கித்தான் தர முடிந்தது. ஐயா ஒன்றும் சொல்லவில்லை, காசு கொடுக்கப் பார்த்தார். நான் வாங்கவில்லை.

ஆகவே, மாற்றக் கொடுக்கும்போது மூலத்தைத் திரும்ப வாங்குங்கள். டிவியில் ஓடிவிட்டாலும் எறியாதீர்கள்.

இன்னொரு ஆபத்து பென் டிரைவில். 6 ஜிபி வீடியோவை 32 ஜிபி டிரைவில் போட்டால் ஏறவில்லை, இடம் இருந்தும் பெரிய ஃபைல் என்கிறது என்பார்கள். டிரைவ் ஃபேட்32 அமைப்பில் இருந்தால் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றினால் ஏறும், ஆனால் பழைய டிவி சில அதை வாசிக்காது. அப்படி மாற்ற ஃபார்மட் செய்ய வேண்டும், செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் போகும் என்பதை மறக்க வேண்டாம். நிகழ்ச்சிகளைப் பதிவுசெய்யும் வசதியுள்ள டிவிகள் தாமாகவே "ஃபார்மட் செய்யவா?" என்று கேட்கும். சின்னப் பிள்ளை ரிமோட்டில் ஓகே அழுத்தினால் குடும்ப வீடியோ முழுக்கப் போய்விடும்.

'கோடெக் பேக்' இறக்கினால் எல்லாம் ஓடும் என்று வரும் விளம்பரங்களைத் தொடவே வேண்டாம். அப்புறம், விண்டோஸ் ஃபைல் பெயரின் கடைசி எழுத்துகளை மறைத்தே காட்டும். எம்பி4 என்று தெரிவதன் பின்னால் இஎக்ஸ்இ ஒளிந்திருக்கலாம், அது வீடியோ அல்ல, கணினியில் ஓடும் ஒரு புரோகிராம்.

ஐபோனில் எடுப்பவர்கள் செட்டிங்ஸில் கேமரா, ஃபார்மட்ஸ் போய் 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' என்று வைத்தால் அதற்குப் பிறகு எடுப்பவை எச்.264இல் பதிவாகும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது வீடியோவாக அனுப்பாமல் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள், மறுபடி சுருங்காது. மாற்றவே மனமில்லையா? மடிக்கணினியை எச்டிஎம்ஐ வயரால் டிவியோடு இணைத்து விஎல்சியில் ஓட்டுங்கள். நான் வீட்டில் அப்படித்தான் பார்க்கிறேன்.

சரி, இதெல்லாம் தலைசுற்றுகிறது என்றால் தெரிந்த ஒருவரிடம் போங்கள். போகும்போது மூல ஃபைலையோ டிவிடியையோ கொண்டுபோங்கள், டிவியின் பின்பக்க ஸ்டிக்கரில் இருக்கும் மாடல் எண்ணைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த எண் இருந்தால், உங்கள் டிவி எந்தெந்தப் பட முறைகளை, எந்தெந்தச் சத்த முறைகளை ஏற்கும் என்று அதன் கையேட்டைப் பார்த்து அங்கேயே சொல்லிவிடலாம்.