அசலைக் கொடுக்காதீர்கள், அம்மா

சில மாதங்களுக்கு முன் ஒரு அம்மா என் அலுவலகத்துக்கு வந்தார். 2007 பங்குனியில் வேலைக்குப் போன மகன் வீடு திரும்பவில்லை. (ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.) கையில் ஒரு சொப்பின் பை, மழையில் நனையாமல் இருக்க அதற்குள்ளே இன்னொரு பை. ஒவ்வொரு கடதாசியாக எடுத்து மேசையில் வைத்தார். பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டு, மனித உரிமைகள் ஆணைக்குழு கொடுத்த இலக்கம், செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவின் கடிதம், 2010 இல் அமைத்த நல்லிணக்க ஆணைக்குழுவுக்குக் கொடுத்த மனு, காணாமல் போனோரைப் பற்றி விசாரிக்க 2013 இல் அமைத்த பரணகம ஆணைக்குழுவின் அழைப்பு, காணாமல் போனோர் பற்றிய அலுவலகத்தின் கடிதம். கடைசியாக ஐந்தாறு விசிட்டிங் கார்ட்.

மகனின் படம் மட்டும் இல்லை. இருந்தது ஒரு போட்டோகொப்பி. முகம் கறுத்துப்போய், கண் எது மீசை எது என்று தெரியவில்லை.

“அசல் படம் எங்கை அம்மா?”

“அது வந்தவையிட்டைக் குடுத்திட்டன் பிள்ளை. திருப்பித் தாறம் எண்டவை.”

வந்தவர்கள் ஒரு வெளிநாட்டுக்காரரும், மொழிபெயர்க்க ஒரு பெடியனும். வந்த வருடம் அவருக்குச் சரியாக நினைவில்லை. கார்டில் இருந்த இலக்கத்துக்கு எடுத்துப் பார்த்தேன், அது பாவனையில் இல்லை. மற்றப் படங்கள் எல்லாம் இடம்பெயர்வுகளில் போய்விட்டன. மிஞ்சியிருந்தது அந்த ஒன்றுதான்.

நான் யாழ்ப்பாணத்தில் சட்டத்தரணி. இப்படிப் பையோடு வருகிறவர்கள் எனக்குப் புதிதல்ல. ஜனநாயகத்தைப் பலப்படுத்த, நல்லிணக்கத்தை உருவாக்க, பொறுப்புக்கூறலை நிலைநாட்ட என்று வெளியிலிருந்து வந்த முயற்சிகளில் பல முதலில் கேட்டது இந்த அம்மாக்களின் கதையைத்தான். அவர்களும் சலிக்காமல் சொன்னார்கள். ஆனால் யாரிடம், என்ன சொன்னோம், அது இப்போது எங்கே இருக்கிறது என்பதற்கு அவர்களிடம் அத்தாட்சி இல்லை. எனக்கு இது பெரிய கவலை.

இந்த அம்மாவின் கடதாசிகளை அன்று பின்னேரம் வரிசைப்படுத்தி வாசித்தேன். ஒரு வாக்குமூலத்தில் மகன் காணாமல் போனது மார்ச் என்று இருக்கிறது, இன்னொன்றில் ஏப்ரல். அம்மா சொன்னது எல்லா இடத்திலும் ஒன்றேதான்: “பங்குனி.” எங்கள் ஊரில் பங்குனி என்றால் பலர் மார்ச் மாதத்தைத்தான் சொல்வார்கள். பஞ்சாங்கம் பார்க்கிறவருக்கோ அது மார்ச் நடுவில் தொடங்கி ஏப்ரல் நடுவரை போகும். ஒரு மொழிபெயர்ப்பாளர் ஒருவிதமாக எழுதினார், மற்றவர் மற்றவிதமாக. எழுதியதை ஒருவரும் அவருக்கு வாசித்துக் காட்டவில்லை. நாளைக்கு ஒரு நீதிமன்றத்தில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்து, “எந்தத் திகதி உண்மை?” என்று கேட்டால் அம்மா தடுமாறுவார். அவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை.

வருகிற அமைப்புகளுக்கு என்ன அதிகாரம் இருக்கிறது என்பதையும் எங்கள் ஆட்களுக்குத் தெளிவாகச் சொன்னவர்கள் குறைவு. 2002 பெப்ரவரியில் நோர்வேயின் அனுசரணையோடு போர்நிறுத்த உடன்படிக்கை வந்தபோது நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். நோர்வே, சுவீடன், பின்லாந்து, டென்மார்க், ஐஸ்லாந்து ஆகிய 5 நாடுகளிலிருந்து கண்காணிப்பாளர்கள் வந்தார்கள். அவர்களைப் பொலிஸ் மாதிரி நினைத்து முறைப்பாடு கொண்டுபோனவர்களை எனக்குத் தெரியும். உடன்படிக்கை மீறப்பட்டதா என்று விசாரித்துச் சொல்லலாம். ஒருவரைக் கைது செய்யவோ விடுவிக்கவோ அவர்களால் முடியாது. 2006 இல் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடைசெய்த பின் ஒன்றியத்தைச் சேர்ந்த 3 நாடுகளின் கண்காணிப்பாளர்கள் வெளியேற வேண்டி வந்தது. 2008 ஜனவரியில் அரசாங்கம் உடன்படிக்கையிலிருந்து விலகியதோடு மற்றவர்களும் போனார்கள். அதே வருடம் செப்டெம்பரில் ஐ.நா. பணியாளர்கள் கிளிநொச்சியை விட்டுப் புறப்பட்டபோது, போகவேண்டாம் என்று சனம் வாசலில் நின்று மன்றாடியது. இறுதிப் போரில் தான் தவறியதை ஐ.நா.வின் சொந்த உள்ளக மீளாய்வே 2012 இல் ஒப்புக்கொண்டது.

இதனால் வெளியுலக முயற்சிகள் வீண் என்று சொல்ல வரவில்லை. ஜெனீவாவில் கூடும் ஐ.நா. மனித உரிமைகள் பேரவையின் அழுத்தம் இல்லாமல் 2016 இல் காணாமல் போனோர் பற்றிய அலுவலகச் சட்டம் வந்திருக்காது என்றே நினைக்கிறேன். பலவந்தமாகக் காணாமல் ஆக்கப்படுவதற்கு எதிரான சமவாயத்தை இலங்கை ஏற்றதும் அந்த வருடம்தான், 2018 இல் அது உள்நாட்டுச் சட்டமாகவும் வந்தது. இவை இன்றும் நான் நீதிமன்றத்தில் எடுத்துக் காட்டக்கூடிய சட்டங்கள். ஆனால் இலங்கை தானே இணை அனுசரணை வழங்கிய அந்தப் பேரவையின் 2015 ஆம் ஆண்டு 30/1 தீர்மானத்திலிருந்து 2020 இல் அரசாங்கம் விலகிக்கொண்டது. பேரவையின் தீர்மானம் ஒரு நாட்டைச் சட்டப்படி கட்டிப்போடாது. வடக்கு உட்பட மாகாண சபைகளுக்குத் தேர்தல் நடத்தச் சொல்லி அதே பேரவை கேட்டிருக்கிறது. எங்கள் சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது, இதை எழுதும்வரை தேர்தல் இல்லை.

2021 மார்ச்சில் பேரவை நிறைவேற்றிய 46/1 தீர்மானம் வேறு வகையானது. ஐ.நா. மனித உரிமைகள் உயர் ஸ்தானிகர் அலுவலகம் சாட்சியங்களைச் சேகரித்து, ஆராய்ந்து, பாதுகாத்து வைக்கவேண்டும், இவற்றை விசாரிக்கும் அதிகாரம் (நியாயாதிக்கம்) உள்ள நாடுகளின் நீதிமன்ற நடவடிக்கைகளுக்கு உதவவேண்டும் என்கிறது. பின்வந்த தீர்மானங்கள் அதை நீடித்தன. அது நீதிமன்றம் அல்ல, அங்கே தீர்ப்பு வராது. ஆனால் வருங்காலத்தில் எங்கோ ஒரு வழக்கு தொடங்கும்போது தேடி எடுக்கக்கூடிய களஞ்சியம் அது. அதனால்தான் திகதி பிசகாத, ஒழுங்கான வாக்குமூலத்துக்கு இப்போது முன்னைவிட மதிப்பு அதிகம். 2025 யூனில் உயர் ஸ்தானிகர் வோல்கர் டர்க் யாழ்ப்பாணத்திலுள்ள செம்மணி மனிதப் புதைகுழியை நேரில் வந்து பார்த்தார். அங்கே 200க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. பிள்ளையைத் தேடுகிற குடும்பங்களிடம் இனியும் ஆட்கள் வருவார்கள், கேள்வி கேட்பார்கள்.

அப்படி வந்தால் முதலில் நீங்கள் கேளுங்கள். எந்த அமைப்பு, நான் சொல்வதை எதற்குப் பயன்படுத்துவீர்கள், யார் யார் பார்ப்பார்கள், என் பெயர் வெளியே வருமா, பிறகு நான் வேண்டாம் என்றால் எடுத்துவிடுவீர்களா. இதைக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. முறையாக வேலை செய்கிற அமைப்பு நீங்கள் கேட்க முன்பே இதைச் சொல்லி, உங்கள் சம்மதத்தைப் பெறும். சொல்லாமல் அவசரப்படுத்தினால், “யோசிச்சுச் சொல்லுறன்” என்று அனுப்பிவிடுங்கள். எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். மாதத்தை இங்கிலிஷ் மாதத்தில் சொல்லுங்கள், திகதி திட்டமாகத் தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுதச் சொல்லுங்கள். ஒரு பிரதி கேட்டு வாங்குங்கள். தரமுடியாது என்றால் வந்தவரின் பெயர், அமைப்பு, அன்றைய திகதி மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

அசல் கடதாசியோ அசல் படமோ கையை விட்டுப் போகக்கூடாது. யார் கேட்டாலும், எவ்வளவு நல்லவராக இருந்தாலும். படம் வேண்டுமென்றால் அவர் தன் போனில் எடுத்துக்கொள்ளட்டும்.

உள்ளூர் அமைப்புகளுக்கும் ஒன்று சொல்லவேண்டும். 2025 தொடக்கத்தில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது எனக்குத் தெரிந்த ஒரு சிறிய அமைப்பு அலுவலகத்தைக் காலி செய்தது. நான் போனபோது விறாந்தையில் ஒன்பது காட்போட் பெட்டிகள். உள்ளே அவ்வளவும் வாக்குமூலங்கள், பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கத்தோடு. “இதை என்ன செய்யப்போறியள்?” என்று கேட்டேன். அங்கிருந்த பிள்ளைக்கு அழுகை வந்துவிட்டது. நல்ல மனத்தோடு உழைத்தவர்கள். ஆனால் திட்டம் முடிந்தபின் பைல்கள் யாரிடம் போகும் என்று நன்கொடை ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லை. நிதி கையெழுத்தாகும் நாளிலேயே அதைக் கேட்டு எழுதவேண்டும்.

சரி, பழைய முறைப்பாடுகளுக்கு என்ன நடந்தது என்று அறிய ஒரு வழி இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, உங்கள் கோவை எந்த நிலையில் இருக்கிறது என்று உரிய அரச அலுவலகத்தின் தகவல் உத்தியோகத்தரிடம் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்லவேண்டும், மறுத்தால் மேன்முறையீடு உண்டு. இந்த அம்மாவுக்காக அப்படி இரண்டு கடிதம் போட்டிருக்கிறோம். திகதிக் குழப்பத்தை விளக்கி ஒரு சத்தியக் கடதாசியும் முடித்தோம். எல்லாக் கடதாசியிலும் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைத் தங்கச்சி வீட்டில் வைக்கச் சொன்னேன்.

படத்துக்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். அயல் வீட்டுக் கலியாண அல்பத்தில், பந்தலுக்குப் பின்னால், கையில் தட்டத்தோடு மகன் நிற்கிறான். அல்பத்தைச் சீலைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். கஸ்தூரியார் வீதியில் ஒரு ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போனேன். “வைச்சிட்டுப் போங்கோ அம்மா, பின்னேரம் வாங்கோ” என்றான் கடைப் பெடியன்.

“இல்லைத் தம்பி, நான் நிக்கிறன்” என்றார். ஸ்கேன் முடியும்வரை மெசினுக்குப் பக்கத்திலேயே நின்று, அல்பத்தைத் தன் கையாலேயே எடுத்துச் சுற்றிக்கொண்டார்.