ராஸ்பெர்ரி பை மக்கர் செய்கிறதா? ஃப்ளாஷ் அடிக்கும் முன் லாகைப் பாருங்கள்

“சார், பை மறுபடியும் நின்னுருச்சுங்க. பழைய இமேஜையே ஏத்திட்டேன், இப்ப ஓடுதுங்க. நாளைக்கு என்ன ஆகும்னுதான் தெரியலைங்க.”

கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் பராமரிப்பு பார்க்கும் தம்பி போனில் சொன்னது இது. பை என்றால் ராஸ்பெர்ரி பை, உள்ளங்கை அளவு சின்ன கம்ப்யூட்டர் போர்டு. இமேஜ் என்பது அதன் மெமரி கார்டில் எழுதும் லினக்ஸ் தொகுப்பு, கார்டில் அதை முழுசாகத் திரும்ப எழுதுவதுதான் ஃப்ளாஷ். லாக் என்பது நடந்ததையெல்லாம் போர்டு தானே எழுதிவைக்கும் பதிவு. பள்ளிக்கூட லேபிலிருந்தும், சின்னச் சின்ன ஒர்க்‌ஷாப்புகளிலிருந்தும், வீட்டில் கேமரா மாட்டியவர்களிடமிருந்தும் இதையே கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளாது என்பதால் எழுதிவிடுகிறேன்.

அந்த மில்லில் ஒரு பை 4 போர்டு, ரிங் ஃபிரேம்களின் உற்பத்திக் கணக்கை எடுத்து டிவியில் காட்டிக்கொண்டிருந்தது. உள்ளே போய், ஓடும் ப்ரோகிராம்களைப் பட்டியலிடும் ‘டாப்’ கமாண்டை ஓடவிட்டால் ப்ராசஸரின் நான்கு கோரும் முழு லோடில் இருந்தன. பட்டியலின் தலையில் நின்ற ப்ராசஸுக்கு ‘கேவொர்க்கர்’ என்று பெயர். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் சொந்த த்ரெட்களுக்கு உள்ள பெயர் அது, அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் உண்மையான கெர்னல் த்ரெட் ‘பிஎஸ்’ பட்டியலில் சதுர அடைப்புக்குறிக்குள் வரும். இதற்கு அடைப்புக்குறி இல்லை. (சில போலிகள் அடைப்புக்குறியையும் சேர்த்துக்கொள்ளும். அதனால் ‘ப்ராக்’ டைரக்டரிக்குள் போய் அந்த ப்ராசஸின் ‘எக்ஸி’ லிங்க்கைப் பாருங்கள். கெர்னல் த்ரெட்டுக்குப் பின்னால் டிஸ்கில் எந்த ஃபைலும் இருக்காது.) இங்கே அந்த லிங்க், ‘டெம்ப்’ டைரக்டரியில் வைத்து ஓடவிட்டு, பிறகு அழித்துவிட்ட ஒரு ஃபைலைக் காட்டியது. குறித்த நேரத்தில் தானாக ஓட வேண்டியவற்றின் பட்டியலான கிரான்டேபில், சில நிமிடங்களுக்கு ஒருமுறை வெளியிலிருந்து ஒரு ஸ்கிரிப்டை இறக்கி ஓட்டும் வரி இருந்தது. மில்லின் கரண்டில் யாருக்கோ கிரிப்டோ காசு தோண்டிக்கொண்டிருந்தது அந்த போர்டு.

யூசர் பெயர் ‘பை’. பாஸ்வேர்டு ‘ராஸ்பெர்ரி’. இமேஜ் 2019-ல் செய்தது. முதலாளி வீட்டிலிருந்தே போனில் கணக்குப் பார்க்க வேண்டும் என்று கேட்டதற்கு, கேமரா மாட்ட வந்தவர் போர்டை அப்படியே ரூட்டரின் டிஎம்இசட்டில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அதாவது போர்டில் திறந்திருந்த அத்தனை போர்ட்டும் (நெட்வொர்க் வழியாக உள்ளே வரும் கதவுகள்) ஊர் உலகத்துக்கே திறப்பு. தம்பி ஒவ்வொரு முறை இமேஜ் ஏற்றும்போதும் அதே பாஸ்வேர்டு திரும்ப வரும், கொஞ்ச நேரத்தில் அதே ஆள் திரும்ப உள்ளே வருவான்.

2017-ல் டாக்டர் வெப் நிறுவனம் கண்டுபிடித்த ‘லினக்ஸ் மல்டிராப் 14’ இதே வேலையைத்தான் செய்தது. ராஸ்பெர்ரி பையைக் குறிவைத்தே எழுதிய ஸ்கிரிப்ட் அது. டீஃபால்ட் பாஸ்வேர்டில் நுழையும், காசு தோண்டும் ப்ரோகிராமை ஓடவிடும், ‘பை’ யூசரின் பாஸ்வேர்டை மாற்றிவிடும், அடுத்த போர்டைத் தேடிப் போகும். உரிமையாளர் மறுநாள் லாகின் செய்தால் பாஸ்வேர்டு தவறு என்று வரும். நம் ஆட்கள் அதைப் பார்த்ததும் சொல்வது, “கார்டு கரப்ட் ஆயிருச்சு.” உடனே ஃப்ளாஷ். தடயம் போயிற்று, ஓட்டை அப்படியே இருக்கிறது.

தகராறு என்றாலே யாரோ நுழைந்துவிட்டார்கள் என்று சொல்ல வரவில்லை. என்னிடம் வருபவற்றில் பெரும்பாலானவை பவர் சப்ளை கோளாறு, அதற்கு அடுத்தது கார்டு. அங்கும் ஃப்ளாஷ் அடிப்பது எதையும் தீர்க்காது. கெர்னல் லாகில் ‘அண்டர் வோல்டேஜ் டிடெக்டட்’ என்று இருக்கிறதா பாருங்கள். போர்டின் நிலையைச் சொல்லும் ‘விசிஜென்சிஎம்டி’ கமாண்டில் ‘கெட் த்ராட்டில்டு’ கேளுங்கள். 0எக்ஸ்0 என்று வந்தால் நிம்மதி. 0எக்ஸ்50000 என்றால் பூட் ஆனதிலிருந்து எப்போதோ வோல்டேஜ் இறங்கி வேகம் குறைந்திருக்கிறது. 0எக்ஸ்50005 என்றால் இந்த நிமிடமே இறங்கிக்கொண்டிருக்கிறது. ஏறக்குறைய 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் போர்டு இந்த எச்சரிக்கையைத் தரும். சார்ஜரில் 5 வோல்ட் என்று போட்டிருந்தாலும், மெலிந்த கேபிளின் மறுமுனையில் 4.6 தான் வந்து சேர்கிறது என்றால் சார்ஜரைக் குறை சொல்லிப் பயனில்லை.

“சார், 65 வாட் சார்ஜர் போட்டிருக்கேன், அப்பவும் வார்னிங் வருது.” இதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். 65 வாட் என்பது லேப்டாப் கேட்டால் 20 வோல்ட்டில் தருவது. பை 4-க்கு வேண்டியது 5 வோல்ட்டில் 3 ஆம்பியர். பை 5-க்கு வேண்டியது 5 வோல்ட்டில் 5 ஆம்பியர். சாதாரண பிடி (பவர் டெலிவரி) சார்ஜர்கள் 5 வோல்ட்டில் 3 ஆம்பியருக்கு மேல் தராது. அப்படி ஒரு சார்ஜரில் மாட்டினால் பை 5 தன் யூஎஸ்பி போர்ட்களுக்கு மொத்தமாக 600 மில்லி ஆம்பியர்தான் விடும். நீங்கள் அதில் ஹார்ட் டிஸ்க் மாட்டிவிட்டு, டிஸ்க் காணாமல் போகிறது என்று லினக்ஸைத் திட்டுகிறீர்கள். தயவுசெய்து அந்த போர்டுக்கு என்றே விற்கும் அடாப்டரை வாங்குங்கள்.

கார்டு சாகும்போது ஒரு அடையாளம் காட்டும். ஒரு ஃபைலை அழிக்கிறீர்கள், எந்த எரரும் இல்லை. ரீபூட் செய்தால் அந்த ஃபைல் அதே இடத்தில் இருக்கிறது. கார்டு எழுதுவதை நிறுத்திவிட்டது, ஆனால் எழுதியதாகச் சொல்கிறது. அதில் என்ன இமேஜ் ஏற்றினாலும் ஏறாது. புதுக் கார்டு வாங்கினால் முதலில் ‘எஃப்3’ கருவியால் முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துப் பாருங்கள். 64 ஜிபி என்று அச்சடித்த 8 ஜிபி கார்டுகள் சந்தையில் நிறையவே இருக்கின்றன. பூட்டே ஆகவில்லை என்றால் பச்சை விளக்கை எண்ணுங்கள். நான்கு முறை சிமிட்டினால் ஸ்டார்ட் ஃபைல் கிடைக்கவில்லை, ஏழு முறை என்றால் கெர்னல் கிடைக்கவில்லை. மில் மாதிரி இடங்களில் ஹீட் சிங்க்கில் அடைந்திருக்கும் பஞ்சையும் ஊதிவிட்டுப் பாருங்கள். 80 டிகிரி தாண்டினாலே ப்ராசஸர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

சரி, என்னை அதிகம் எரிச்சலூட்டும் பேச்சுக்கு வருகிறேன். “எங்க போர்டுல திருட என்னங்க இருக்கு? நாலு நம்பர் காட்டுது. இதைப் போய் யார் ஹேக் பண்ணப் போறாங்க?”

யாரும் உங்களைத் தேடி வரவில்லை. இதை எத்தனை தடவை சொன்னாலும் நம்ப மறுக்கிறார்கள். இணையத்தின் பழைய முகவரி முறையான ஐபிவி4-ல் மொத்தம் சுமார் 430 கோடி முகவரிகள். 2013-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் எழுதிய ‘இசட்மேப்’ என்ற கருவி, ஒரு கிகாபிட் இணைப்பு இருந்தால் அத்தனையையும் 45 நிமிடத்தில் தட்டிப் பார்த்துவிடும். மேலே சொன்ன மல்டிராப் இந்த இசட்மேப்பைத்தான் இறக்கிப் பயன்படுத்தியது. ராத்திரி தெருவில் நிற்கும் ஒவ்வொரு பைக்கிலும் ஹேண்டில் லாக் போட்டிருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்துக்கொண்டே போகிறவனுக்கு வண்டி யாருடையது என்பது ஒரு பொருட்டா? எஸ்எஸ்ஹெச் (தூரத்திலிருந்து லாகின் செய்யும் வழி) திறந்து கிடக்கும் ஒரு போர்டின் லாகைத் திறந்து காட்டினால்தான் முகம் மாறுகிறது: ரூட், அட்மின், பை, உபுண்டு, டெஸ்ட் என்று வரிசையாகப் பெயர்கள், நாளெல்லாம், ஞாயிற்றுக்கிழமையும்.

அவனுக்கு உங்கள் நான்கு நம்பர் வேண்டாம். உங்கள் கரண்ட் வேண்டும், உங்கள் இணைய இணைப்பு வேண்டும், உங்கள் ஐபி முகவரி வேண்டும். 2016-ல் ‘மிராய்’ பாட்நெட் என்ன செய்தது? கேமரா, டிவிஆர், ரூட்டர் என்று யாரும் மதிக்காத பெட்டிகளில், அறுபது சொச்சம் டீஃபால்ட் பாஸ்வேர்டுகளை வைத்து நுழைந்தது. அக்டோபர் 21 அன்று அந்தப் பெட்டிகளைக் கொண்டு ‘டின்’ என்ற டிஎன்எஸ் நிறுவனத்தை (இணையதளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தருவது) தாக்கியதில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பலருக்கும் திறக்கவில்லை. அந்தப் பெட்டிகளின் உரிமையாளர்களும் “இதுல என்ன இருக்கு” என்று நினைத்தவர்கள்தான்.

அடுத்தது, போர்டில் ஒன்றும் இல்லாவிட்டாலும் போர்டு உட்கார்ந்திருக்கும் நெட்வொர்க்கில் எல்லாம் இருக்கிறது. நாசாவின் ஜெட் ப்ரொபல்ஷன் லேபில் அனுமதி இல்லாமல் இணைத்திருந்த ஒரு ராஸ்பெர்ரி பை வழியாக ஊடுருவி சுமார் 500 எம்பி தரவை எடுத்துப் போனார்கள். 2018 ஏப்ரலில்தான் அது தெரியவந்தது. 2019-ல் நாசாவின் இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலக அறிக்கையிலேயே அது இருக்கிறது. கோவை மில்லில் அந்த பை இருந்த அதே ஸ்விட்சில்தான் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் கம்ப்யூட்டரும், டேலி டேட்டாவும் இருந்தன, ஐயா.

“லினக்ஸ்தானே, ஓப்பன் சோர்ஸ்தானே” என்பதும் பதில் ஆகாது. 2016-ல் ஆல்வின்னர் சிப் போர்டுகளுக்கு வந்த பழைய 3.4 கெர்னலில், ஒரு டீபக் ஃபைலுக்குள் ‘ரூட்மைடிவைஸ்’ என்று எழுதினால் சாதாரண யூசர் ரூட், அதாவது எல்லா அதிகாரமும் உள்ள யூசர், ஆகிவிடுவார். யாரோ டெவலப்பர் தன் வசதிக்கு வைத்து எடுக்க மறந்த கதவு. சோர்ஸ் திறந்திருந்ததால், இந்த மாதிரி போர்டுகளுக்கு லினக்ஸ் தயாரிக்கும் ஆர்ம்பியன் குழு அதைக் கண்டுபிடித்துச் சொன்னது, அது நல்லது. ஆனால் அப்டேட் செய்யாத போர்டில் அந்தக் கதவு திறந்தேதான் இருக்கும். சீன போர்டுகள் வாங்குபவர்கள், உற்பத்தியாளர் ட்ரைவ் லிங்க்கில் போட்டுவைத்த இமேஜை விட்டுவிட்டு, ஆர்ம்பியனில் உங்கள் மாடலுக்கு இமேஜ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மாடலுக்கு என்றால் மாடலுக்கேதான். ஆர்ம் போர்டில் பிசி மாதிரி பயாஸ் கிடையாது, போர்டில் என்னென்ன பாகங்கள் என்று கெர்னலுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீ மாறினால் பூட் ஆகாது. பக்கத்து போர்டின் இமேஜைப் போட்டுவிட்டு போர்டு டெட் என்று கொண்டுவராதீர்கள்.

இனி செய்ய வேண்டியது. பென் டிரைவில் பொக்கிஷமாக வைத்திருக்கும் பழைய இமேஜைத் தூக்கிப் போடுங்கள். ராஸ்பெர்ரி பை ஓஎஸ், 2016 நவம்பரிலிருந்து எஸ்எஸ்ஹெச்சை மூடியே தருகிறது. 2022 ஏப்ரலிலிருந்து ‘பை’ என்ற டீஃபால்ட் யூசரே கிடையாது. பழைய இமேஜைப் பிடித்துக்கொண்டிருக்கும் வரை இது எதுவும் உங்களுக்குக் கிடைக்காது. இமேஜர் கருவியில் எழுதும்போதே யூசர் பெயரையும் எஸ்எஸ்ஹெச் கீயையும் (பாஸ்வேர்டுக்குப் பதிலான சாவி ஃபைல்) கொடுத்துவிடலாம். கீ வேலை செய்கிறது என்று இன்னொரு விண்டோவில் சோதித்த பிறகு பாஸ்வேர்டு லாகினை அடைத்துவிடுங்கள். சோதிக்காமல் அடைத்துவிட்டு, மில்லுக்கு வா என்று என்னைக் கூப்பிடாதீர்கள். போர்ட் 22-ஐ 2222 ஆக மாற்றினால் லாக் கொஞ்சம் சுத்தமாக இருக்கும், பாதுகாப்பு கூடாது. பாதுகாப்பு அப்டேட்களைத் தானாகவே ஏற்றும் ‘அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ்’ பேக்கேஜை நிறுவுங்கள். (2023 அக்டோபரில் ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸின் புக்வார்ம் பதிப்பு வந்தபோது வைஃபை, நெட்வொர்க் மேனேஜருக்கு மாறிவிட்டது. பூட் பார்ட்டிஷனில் சப்ளிகன்ட் ஃபைல் போடச் சொல்லும் பழைய வீடியோக்களைப் பார்த்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள்.)

ஒரு கார்டில் எல்லாம் செய்துவிட்டு அதையே இருபது போர்டுக்கு நகல் எடுப்பவர்களுக்கு: நகலில் எஸ்எஸ்ஹெச் ஹோஸ்ட் கீயும் (போர்டு தன்னை அடையாளம் காட்டும் சாவி) மெஷின் ஐடியும் சேர்ந்தே போகிறது. ஒரு போர்டு போனால் இருபதின் சாவியும் போனது போலத்தான். ஒவ்வொன்றிலும் ஹோஸ்ட் கீயை அழித்துப் புதிதாக உருவாக்குங்கள்.

போனில் பார்க்க வேண்டும் என்றால் போர்ட் ஃபார்வர்டிங்கும் வேண்டாம், டிஎம்இசட்டும் வேண்டாம். வயர்கார்டோ டெயில்ஸ்கேலோ ஏதாவது ஒரு விபிஎன் போடுங்கள், முதலாளிக்குப் போனில் ஒரு ஆப், அவ்வளவுதான். கருவிகள் தாமாகவே ரூட்டரில் போர்ட் திறந்துகொள்ள விடும் யூபிஎன்பியை அணைத்துவிடுங்கள். “ரூட்டருக்குப் பின்னாலதானே இருக்கு” என்று சொல்பவர்கள் புதிய முகவரி முறையான ஐபிவி6-ஐயும் பார்க்க வேண்டும். அதில் ஒவ்வொரு போர்டுக்கும் வெளியுலக முகவரியே கிடைக்கும், ரூட்டரின் ஐபிவி6 ஃபயர்வால் ஆனில் இல்லையென்றால் மறைப்பு எதுவும் இல்லை. ப்ரோகிராம்களைத் தனித்தனிப் பெட்டியாக ஓட்டும் டாக்கரைப் பயன்படுத்துபவர்கள் இன்னும் கவனம். நீங்கள் வெளியிடும் போர்ட், யூஎஃப்டபிள்யூ ஃபயர்வால் போட்ட தடையைத் தாண்டித் திறந்துவிடும்.

லாக் மிஞ்சட்டும். அதை ரேமில் மட்டும் வைத்தால் கார்டுக்கு நல்லது, ஆனால் கரண்ட் போனதும் லாகும் போய்விடும். ஆபீசில் இன்னொரு லினக்ஸ் மெஷின் இருந்தால் ஆர்சிஸ்லாக் வழியாக அங்கே அனுப்புங்கள். நேரத்தையும் நம்பாதீர்கள். பை 5-க்கு முந்தைய போர்டுகளில் கடிகாரச் சிப் இல்லை, நெட் வரும் வரை பழைய நேரத்திலேயே லாக் எழுதும். ‘ரிலீஸ் ஃபைல் இன்னும் செல்லுபடியாகவில்லை’ என்று அப்டேட் அடம்பிடித்தால் முதலில் தேதியைப் பாருங்கள்.

உள்ளே ஆள் நுழைந்துவிட்டது உறுதி என்றால், அப்போது ஃப்ளாஷ்தான் வழி, நானும் அதைத்தான் செய்தேன். ஆனால் முதலில் லேன் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். கார்டைக் கழற்றி அப்படியே எடுத்து வையுங்கள், புதுக் கார்டில் புது இமேஜ் ஏற்றுங்கள். ரூட்டரில் திறந்ததை மூடிய பிறகுதான் போர்டை நெட்டில் விட வேண்டும். அப்புறம் அந்த போர்டில் எழுதி வைத்திருந்த டேட்டாபேஸ் பாஸ்வேர்டு, மெயில் பாஸ்வேர்டு எல்லாவற்றையும் மாற்றுங்கள். வைஃபை பாஸ்வேர்டையும்தான். நெட்வொர்க் மேனேஜர் அதை போர்டிலேயே ஒரு ஃபைலில் அப்படியே எழுத்தாக வைத்திருக்கிறது, ரூட் ஆனவன் திறந்து படித்திருப்பான். ஆபீசில் எல்லார் போனிலும் திரும்ப அடிக்க வேண்டியிருக்கும், பிரிண்டரும் ஒரு நாள் தொந்தரவு தரும். பரவாயில்லை, மாற்றிவிடுங்கள்.