நம் பெயரில் சங்கம் எழுதும் கடிதம்

பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களுக்கு ஆண்டுதோறும் நிலைத்தன்மை அறிக்கை, அதாவது சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு பற்றிய அறிக்கை, தயாரித்துக் கொடுப்பது என் தொழில். பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் வாரியமான செபி வகுத்த இந்தப் படிவத்தை பிஆர்எஸ்ஆர் என்போம். சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் இருக்கும் நிறுவனங்கள் 2022–23 நிதியாண்டு முதல் இதைக் கட்டாயம் நிரப்ப வேண்டும். அதில் உள்ள ஒன்பது கோட்பாடுகளில் ஏழாவதை யாரும் பொருட்படுத்துவதில்லை. அரசின் கொள்கையில் செல்வாக்குச் செலுத்தும் நிறுவனம் அதைப் பொறுப்போடும் ஒளிவுமறைவின்றியும் செய்ய வேண்டும் என்பது அந்தக் கோட்பாடு. எத்தனை தொழில் சங்கங்களில் உறுப்பினர், முதன்மையான பத்துச் சங்கங்கள் எவை என்று அது கேட்கிறது.

கோவைப் பக்கம் ஓர் உற்பத்தி நிறுவனத்தில் அந்தப் பக்கத்தை நிரப்ப உட்கார்ந்தோம். கணக்குப் பிரிவிலிருந்து சந்தா ரசீதுகள் அடங்கிய கோப்பு வந்தது. ஊழியர் ரசீதைப் புரட்டிப் பெயரைச் சொல்ல, நான் எழுதிக்கொண்டேன். பத்து நிமிட வேலை. அதே அறிக்கையின் முகப்பில், கரிம உமிழ்வைக் குறைப்பதில் முன்னோடியாக இருப்போம் என்று நிர்வாக இயக்குநர் கையெழுத்திட்டிருந்தார். எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. "இந்தச் சங்கங்களில் ஏதாவது ஒன்று உமிழ்வு இலக்கு பற்றி அமைச்சகத்துக்கு எழுதியிருக்கிறதா?" என்று கேட்டேன்.

இரண்டு நாள் கழித்து, கம்பெனி செயலாளர் ஒரு கடித நகலைத் தேடிப்பிடித்து அனுப்பினார். கூடவே மூன்று கட்டம் போட்ட ஓர் அட்டவணை: வரைவு விதியின் பிரிவு, ஆட்சேபம், கோரும் திருத்தம். மூன்றாவது கட்டத்தில் வரிக்கு வரி இலக்கைத் தளர்த்துங்கள், தேதியைத் தள்ளி வையுங்கள் என்ற கோரிக்கைதான். கடிதம் "எங்கள் உறுப்பினர்கள் அனைவரின் சார்பாக" என்று தொடங்கியது. அந்த அனைவரில் இந்த நிறுவனமும் அடக்கம். ஆனால் இயக்குநர் குழுவில் ஒருவரும் அந்தக் கடிதத்தைப் பார்த்திருக்கவில்லை.

தொழில் சங்கம் அரசிடம் முறையிடுவது தவறில்லை. கொதிகலனும் சூளையும் எப்படி ஓடுகின்றன என்பது அதை ஓட்டுபவருக்குத்தான் தெரியும். சிக்கல் கடிதம் உருவாகும் விதத்தில் இருக்கிறது. சுற்றுச்சூழல் விதியின் வரைவு அரசிதழில் வந்தால் ஆட்சேபம் சொல்ல வழக்கமாக 60 நாள். சங்கம் எல்லோருக்கும் சுற்றறிக்கை அனுப்பும். அடி விழப்போகிறது என்று அஞ்சுகிறவர் மறுநாளே பதில் எழுதுவார். மாற்றத்துக்குத் தயாராக இருப்பவருக்குப் பதில் எழுத அவசரமில்லை. பத்து மாடு பூட்டிய வண்டி நொண்டி மாட்டின் வேகத்தில்தான் போகும். கடிதமும் அப்படித்தான் முடிகிறது.

ஒரு காலத்தில் சண்டை அறிவியலோடு நடந்தது. 1989இல் அமெரிக்காவில் எண்ணெய், நிலக்கரி, கார் நிறுவனங்களும் அவற்றின் சங்கங்களும் சேர்ந்து 'குளோபல் கிளைமேட் கோயலிஷன்' என்ற அமைப்பைத் தொடங்கின. மனிதரின் உமிழ்வுக்கும் புவி வெப்பத்துக்கும் உள்ள தொடர்பு உறுதியாகவில்லை என்று அது ஊரெல்லாம் சொன்னது. உமிழ்வைக் குறைக்க நாடுகள் செய்துகொண்ட 1997இன் கியோட்டோ ஒப்பந்தத்தை எதிர்த்தது. ஆனால் பசுமை இல்ல விளைவின் அறிவியல் அடிப்படை மறுக்க முடியாதது என்று அதன் சொந்த அறிவியல் குழுவே 1995இல் வரைவு எழுதியிருந்தது. அது வெளியே தெரிய 2009 ஆயிற்று. அமைப்பு 2002இலேயே கலைந்துவிட்டது. ஆனால் இழந்த ஆண்டுகளை யார் திருப்பித் தருவது?

இன்று அறிவியலை மறுத்து யாரும் கடிதம் எழுதுவதில்லை. சண்டை அடிப்படை ஆண்டு (எந்த ஆண்டின் உமிழ்வோடு ஒப்பிடுவது), விலக்கு, அமலாகும் தேதி என்று இடம் மாறிவிட்டது. 2025 அக்டோபரில் இந்தியாவில் அலுமினியம், சிமென்ட், குளோர்-ஆல்கலி (குளோரின், காஸ்டிக் சோடா தயாரிப்பு), காகிதம் ஆகிய துறைகளுக்கு உமிழ்வுச் செறிவு இலக்குகள் அறிவிக்கப்பட்டன. ஒரு டன் உற்பத்திக்கு எவ்வளவு பசுமை இல்ல வாயு என்பதுதான் செறிவு. 2023–24 அடிப்படை ஆண்டு. இத்தகைய அட்டவணையில் ஒரு தசமப்புள்ளி நகர்ந்தால் ஆலைக்குப் பல லட்சம் ரூபாய் மிச்சம், காற்றுக்கு அவ்வளவு சுமை. செய்தித்தாளில் அது தலைப்பாக வராது.

எல்லோருக்கும் ஒரே குரல் என்பதும் கற்பனைதான். கார்களின் சராசரி உமிழ்வைக் கட்டுப்படுத்தும் 'கஃபே' விதியின் மூன்றாம் கட்டத்துக்கு 2025 செப்டம்பரில் வந்த வரைவில், 909 கிலோவுக்கு மேற்படாத சிறிய பெட்ரோல் கார்களுக்குச் சலுகை இருந்தது. சிறிய கார் விற்பவர்கள் வரவேற்றார்கள், மற்றவர்கள் எதிர்த்தார்கள். ஒரே சங்கத்துக்குள் இரண்டு அணிகள். அப்படிப் பிளவு வெளியே தெரிவது நல்லது என்பேன். யார் எதைக் கேட்கிறார் என்று அப்போதுதான் மக்களுக்கு விளங்கும்.

சங்கத்தின் குரல் காற்றுக்குச் சாதகமாக ஒலித்ததும் உண்டு. தமிழ்நாட்டு நூற்பாலைகள் முப்பந்தல், உடுமலைப்பேட்டைப் பக்கங்களில் காற்றாலை நிறுவின. காற்று வீசும் மாதங்களில் உபரியாகும் யூனிட்டுகளை மின்வாரியக் கணக்கில் வரவு வைத்துப் பின்னர் பயன்படுத்தும் 'பேங்கிங்' வசதிக்காக ஆலைச் சங்கங்களும் காற்றாலைச் சங்கங்களும் ஆண்டுக்கணக்கில் வாதாடியிருக்கின்றன. சொந்த லாபத்துக்காகத்தான். இருக்கட்டுமே, அந்த லாபம் நிலக்கரியைக் குறைத்தது.

வெளிநாடுகளில் சில நிறுவனங்கள் தங்கள் சங்கங்களின் பருவநிலை நிலைப்பாட்டை வெளிப்படையாகவே சோதிக்கின்றன. ஷெல் 2019இல் 19 சங்கங்களை ஆராய்ந்து, அமெரிக்கச் சுத்திகரிப்பாளர் சங்கத்திலிருந்து விலகியது. டோட்டல் நிறுவனம் 2021இல் அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தைவிட்டு வெளியேறியது. இவை எண்ணெய் நிறுவனங்கள், புனிதர்கள் அல்ல. அவர்களாலேயே கேட்க முடிந்த கேள்வியை நாம் ஏன் கேட்கக் கூடாது?

நம் நாட்டில் இந்தக் கடிதங்களைப் பார்க்க ஒரு வழி வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், தன் கலந்தாய்வு அறிக்கைகளுக்கு வரும் கருத்துகளை அவரவர் பெயரோடு இணையதளத்தில் போடுகிறது. வரைவுச் சட்டங்களுக்கு வரும் கருத்துகளின் சுருக்கத்தை அமைச்சகங்கள் வெளியிட வேண்டும் என்று 2014இலேயே மத்திய அரசு முடிவெடுத்தது. உமிழ்வு இலக்குகளுக்கு வந்த ஆட்சேபங்களும் முழுதாக மக்கள் பார்வைக்கு வர வேண்டும். பிஆர்எஸ்ஆர் ஏழாம் கோட்பாட்டிலேயே இன்னொரு கேள்வி உண்டு: எந்தக் கொள்கைக்காக வாதாடினீர்கள், எந்த வழியில், இயக்குநர் குழு அதை எத்தனை முறை பரிசீலித்தது? விருப்பமிருந்தால் மட்டும் நிரப்பலாம் என்பதால் பலர் அதைத் தொடுவதில்லை. பங்கு வைத்திருப்பவர்கள் பொதுக்குழுவில் இதை எழுந்து கேட்கலாம்.

அந்தக் கோவை நிறுவனம் சங்கத்தைவிட்டு விலகவில்லை. விலகச் சொல்லி நானும் வற்புறுத்தவில்லை. அடுத்த சுற்றறிக்கை வந்தபோது கம்பெனி செயலாளர் அதைக் கோப்பில் போடாமல் உற்பத்தி மேலாளரிடம் கொடுத்தார். இலக்கை எங்களால் எட்ட முடியும், தளர்வு கோரும் பட்டியலில் எங்கள் பெயரைச் சேர்க்க வேண்டாம் என்று அரைப் பக்கத்தில் பதில் போனது.