எந்த ‘ஆன்டி’ பாசிட்டிவ்?

“பாசிட்டிவ்னு வந்திருக்கே டாக்டர், கல்லீரல் போயிடுமா?” ரிப்போர்ட்டை நீட்டிய இளைஞரின் கை நடுங்கியது. வாங்கிப் பார்த்தேன்: ‘ஆன்டி ஹெச்பிஎஸ்’. ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை மூன்று தவணையும் போட்டுக்கொண்டவர். ஊசி வேலை செய்திருக்கிறது என்ற நல்ல சேதியை நோய் என்று நினைத்து இரவெல்லாம் விழித்திருந்திருக்கிறார்.

ஆய்வகத்தில் இந்தக் குழப்பத்தை அடிக்கடி பார்க்கிறேன். ஆன்டிஜென் என்பது கிருமியின் மேலோ உள்ளேயோ இருக்கும் அடையாளம். அதை வைத்துத்தான் உடம்பு ‘இது வெளியாள்’ என்று கண்டுகொள்கிறது. ஆன்டிபாடி அதை எதிர்க்க நம் உடம்பே செய்துகொள்ளும் புரதம். ‘ஆன்டி’ என்றாலே எதிர்ப்பு என்று படித்துவிட்டதால் ஆன்டிஜெனும் நம் கட்சி என்று தோன்றுகிறது. ஆன்டிபாடியை உருவாக்கத் தூண்டுவது என்பதால்தான் அதற்கு அந்தப் பெயர். தமிழில் ஆன்டிபாடியைப் பிறபொருளெதிரி என்றும் ஆன்டிஜெனைப் பிறபொருளெதிரியாக்கி என்றும் சொல்வார்கள். பொருள் பளிச்சென்று இருக்கிறது, நாக்குதான் சுளுக்கிக்கொள்கிறது.

ஹெபடைடிஸ் பி ரிப்போர்ட்டில் ‘ஹெச்பிஎஸ்ஏஜி’ என்று இருந்தால், கடைசியில் வரும் ‘ஏஜி’ ஆன்டிஜெனைக் குறிக்கும். அது பாசிட்டிவ் என்றால் பொதுவாக வைரஸ் இப்போது உடம்பில் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு மேலும் நீடித்தால் நாள்பட்ட தொற்று. ‘ஆன்டி’ முன்னால் வந்தால் அது ஆன்டிபாடி. தடுப்பூசி போட்டவருக்கு ‘ஆன்டி ஹெச்பிஎஸ்’ அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 10 மில்லி யூனிட்டோ அதற்கு மேலோ இருந்தால் பாதுகாப்பு உண்டு என்று கொள்கிறோம்.

டெங்குவில் நாள் கணக்கு முக்கியம். காய்ச்சலின் முதல் சில நாட்களில் டெங்கு வைரஸின் என்எஸ்1 என்ற ஆன்டிஜென் தெரியும். தொற்றின் தொடக்கத்தில் உருவாகும் ஐஜிஎம் வகை ஆன்டிபாடி தலைகாட்ட நாலைந்து நாளாகும். இரண்டாம் நாளே ஆன்டிபாடி மட்டும் பார்த்துவிட்டு ‘நெகட்டிவ், டெங்கு இல்லை’ என்று நிம்மதியாக வீட்டுக்குப் போவது ஆபத்து.

அதற்காக ஆன்டிபாடி என்றாலே பாதுகாப்பு என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஹெபடைடிஸ் சி ஆன்டிபாடி, வைரஸ் ஒருமுறை வந்ததை மட்டுமே சொல்லும். இன்னும் இருக்கிறதா என்று அறிய வைரஸின் மரபுப்பொருளையே தேடும் ஆர்என்ஏ பரிசோதனை வேண்டும். ஹெச்ஐவியில் ஆன்டிபாடி இருப்பதே, பெரியவர்களுக்கு, தொற்று இருப்பதன் அடையாளம்.

ஆன்டிபயாடிக் இவை இரண்டோடும் சேராது. அது பாக்டீரியாவுக்கு எதிரான மருந்து, வைரஸைத் தொடாது. “உடம்புல ஆன்டிபயாடிக் குறைஞ்சிருக்கா?” என்று கேட்பவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை கட்டியிருக்கிறது.

இளைஞரின் ரிப்போர்ட்டை மறுபடி பார்த்தேன். தடுப்பூசியின் பலன் என்று எங்கேயும் ஒரு வரி இல்லை. ‘பாசிட்டிவ்’ மட்டும் தடித்த எழுத்தில், அடிக்கோட்டோடு.